மட்டக்களப்பு எப்போதும் தோற்கிறவருக்குத்தான் வாக்களிக்கிறதா?

களுதாவளையிலிருந்து பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "2024 ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சஜித் பிரேமதாச முதலிடம். நாட்டுக்கு ஜனாதிபதியானவர் அநுர குமார திசாநாயக்க. 2019இலும் இதே கதை. நாங்கள் ஏன் எப்போதும் தோற்கிறவர் பக்கமே நிற்கிறோம்? எங்கள் ஊர் யாருக்கு வாக்களித்தது என்பதை எங்கே பார்க்கலாம்?"

இரண்டு கேள்விகள். இரண்டாவதற்கு விடை சின்னது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலாவதற்குள் ஒரு தப்பான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் வெளியே எடுத்துப்போட வேண்டும்.

ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டம் என்று ஒன்று வாக்களிப்பதில்லை. நாடு முழுவதும் ஒரே சட்டி. பொத்துவிலில் விழுகிற வாக்கும் பொலன்னறுவையில் விழுகிற வாக்கும் அதே சட்டிக்குள்தான் போகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒருவர் 80 வீதம் எடுத்தாலும் அதற்கென்று தனிப் பரிசு கிடையாது. பாராளுமன்றத் தேர்தல் வேறு: அங்கே மட்டக்களப்புக்கு 5 ஆசனம், திகாமடுல்லவுக்கு (அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயர்) 7 ஆசனம், அதற்குள்ளேயே முதலிடம் பிடித்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனமும் உண்டு. அங்கே 'மாவட்டத்தை வென்றார்' என்ற பேச்சுக்குப் பொருள் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் மாவட்ட முடிவு என்பது எண்ணுகிற வசதிக்காக வகுத்த பிரிவு மட்டுமே. தொலைக்காட்சியில் இலங்கை வரைபடத்துக்கு நிறம் பூசிக் காட்டுகிறார்களே, அந்தப் படம்தான் நம்மை இப்படி யோசிக்க வைத்திருக்கிறது. கிழக்கிலும் வடக்கிலும் ஒரு நிறம், நடுவிலும் தெற்கிலும் வேறு நிறம். பார்க்கிறவருக்கு 'நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம்' என்று தோன்றும். அந்த நிறத்துக்குள் எத்தனை பேர் வேறு பக்கம் நின்றார்கள் என்பதைப் படம் சொல்லாது.

அப்படியானால் உள்ளூர் முடிவுகளைப் பார்ப்பதே வீணா என்றால், வீண் இல்லை. 'யார் முதலிடம்' என்று பார்ப்பதுதான் வீண். எத்தனை வாக்கு, எத்தனை பேர் வரவில்லை, போன தடவை எத்தனை, அது இந்தத் தடவை எங்கே போயிற்று என்று பார்த்தால் நிறையக் கதை வெளியே வரும்.

நீங்கள் சொன்ன கதையையே எடுத்துக்கொள்வோம். 1999 முதல் 2024 வரை ஆறு ஜனாதிபதித் தேர்தல்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர்கள்: 1999இலும் 2005இலும் ரணில் விக்கிரமசிங்க, 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இலும் 2024இலும் சஜித். இவர்களில் நாட்டை வென்றவர் மைத்திரி ஒருவர்தான். ஆறில் ஐந்து தோல்வி. உங்கள் எண்ணம் சரி போலத்தான் தெரிகிறது. ஆனால் அதற்கு முன்னே போனால் 1994இல் சந்திரிகா குமாரதுங்கவுக்கு மட்டக்களப்பு 80 வீதத்துக்கும் மேல் அள்ளிக் கொடுத்தது, அவர் வென்றார். 1982இல் ஜே.ஆர். ஜெயவர்தனவுக்கும் குமார் பொன்னம்பலத்துக்கும் இடையில் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய ஆயிரம் வாக்குத்தான் வித்தியாசம், ஜே.ஆர். முந்தினார். இன்றைக்கு நினைத்தால் நம்பக் கடினமாக இருக்கும். சமாதானம் வருமென்று தோன்றிய 1994இல் மட்டக்களப்பு நாட்டோடு சேர்ந்தே நடந்திருக்கிறது.

இனி ஒரு கூட்டல் கழித்தல். இதை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். 2015இல் மட்டக்களப்பில் மைத்திரிக்கு 209,422, மஹிந்த ராஜபக்ஷவுக்கு 41,631. வித்தியாசம் 167,791. திகாமடுல்லவில் 233,360க்கு எதிராக 121,027, வித்தியாசம் 112,333. இரண்டையும் கூட்டினால் 280,124. நாடு முழுவதும் மைத்திரி வென்ற வித்தியாசம் எவ்வளவு? 449,072. அதாவது அவருடைய முழு முன்னிலையில் பத்தில் ஆறு பங்குக்கும் மேல் இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தே வந்தது.

இப்போது 2019. மட்டக்களப்பில் சஜித்துக்கு 238,649, கோட்டாபய ராஜபக்ஷவுக்கு 38,460. திகாமடுல்லவில் 259,673க்கு எதிராக 135,058. இரண்டு மாவட்டத்து முன்னிலையும் சேர்ந்து 324,804. 2015ஐவிட 44 ஆயிரம் கூட! ஆனால் கோட்டாபய நாட்டளவில் 13 இலட்சத்து 60 ஆயிரம் வாக்குகளால் வென்றார். நாங்கள் அதே வேலையை, இன்னும் அழுத்தமாக, இரண்டு தரமும் செய்திருக்கிறோம். ஒரு தரம் வென்றோம், ஒரு தரம் தோற்றோம். மாறியது தெற்கு. கிழக்கு அசையவேயில்லை. 'தோற்கிறவர் பக்கம் நிற்கிறோம்' என்பதைவிட, 'நின்ற இடத்திலேயே நிற்கிறோம், வெற்றி வந்து போகிறது' என்பதே கணக்குக்குப் பொருந்தும்.

2019 தேர்தலன்று மாலை குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போனேன். (வெளியூர் வாசகருக்கு: எங்கள் வாவியில் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கரை மாற்றுகிற மிதவைக்குப் பெயர் பாதை.) பக்கத்தில் நின்ற மூதாட்டியின் இடக்கைச் சுண்டுவிரலில் மை இன்னும் ஈரம் போல் மினுங்கியது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "அன்னத்துக்குத்தான் மகன், போன தரமும் அதற்கு முந்தின தரமும் அன்னத்துக்குத்தான் போட்டேன்." 2010இல் பொன்சேகா, 2015இல் மைத்திரி, 2019இல் சஜித், மூன்று பேருக்கும் சின்னம் அன்னமே. அந்த அம்மாவுக்கு ஆட்களின் பெயர் முக்கியமாகப் படவில்லை. போரை நடத்திய இராணுவத் தளபதிக்கும் புள்ளடி போட்டார், அந்தப் போர்க்கால அரசில் பாதுகாப்பு அமைச்சைப் பதிலுக்குக் கவனித்த அமைச்சருக்கும் புள்ளடி போட்டார். யாருக்கு எதிராகப் போடுகிறார் என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. மேடையில் இருந்து பார்க்கிறவர்கள் இதை அறியாமை என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2005ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வராத வாக்கே கதை.

அந்தத் தேர்தலில் மட்டக்களப்பில் ரணிலுக்கு 121,514, மஹிந்தவுக்கு 28,836. ரணிலுக்கு ஏறக்குறைய 80 வீதம். முதலிடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அமோக வெற்றி. ஆனால் வாக்காளர் இடாப்பில் இருந்த 3 இலட்சத்து 18 ஆயிரம் பேரில் அரைவாசிப் பேர்கூட வாக்களிக்கவில்லை; 48 வீதம் சொச்சம். யாழ்ப்பாணத்தில் 1.21 வீதம். விடுதலைப் புலிகள் தேர்தலைத் தவிர்க்கச் செய்த காலம் அது. யாழ்ப்பாணத்தைப் போல மட்டக்களப்பு முழுதாக அடங்கிப்போகாததற்குக் காரணம் எங்கள் நிலத்தின் அமைப்பு. எழுவான்கரையில் நகரமும் காத்தான்குடியும் மற்ற முஸ்லிம் ஊர்களும் அரசாங்கக் கட்டுப்பாட்டில்; வாவிக்கு அந்தப்புறம் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில். 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததன் பிறகு இந்தப் பக்கத்துப் பிடி முன்போல இல்லை. படுவான்கரை வாக்காளருக்கு அவரவர் ஊரில் வாக்களிப்பு நிலையம் கிடையாது; கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டி வந்து கொத்தணி வாக்களிப்பு நிலையத்தில் போட வேண்டும். வாவி அகலமில்லை. அந்த நாளில் அதைத் தாண்டுவது அகலமாயிருந்தது.

மஹிந்த நாட்டளவில் வென்றது 180,786 வாக்குகளால். பெற்ற வீதம் 50.29. இலங்கைச் சட்டப்படி செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் எடுத்தால்தான் முதல் எண்ணிக்கையிலேயே வெற்றி. அரைவாசிக் கோட்டை அவர் தாண்டியது 28 ஆயிரம் சொச்ச வாக்குகளால் மட்டுமே. இங்கே பலரும் சொல்கிற ஒரு வசனம் உண்டு: "மட்டக்களப்பு மக்கள் முழுதாகப் போட்டிருந்தால் மஹிந்த வந்திருக்க மாட்டார்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2015இல் வந்ததைப்போல 71 வீதம் பேர் அன்றைக்கும் வந்து, அன்று விழுந்த அதே விகிதத்தில் போட்டிருந்தால், கூடுதலாக 70 ஆயிரம் சொச்ச வாக்குகள். அப்போதும் மஹிந்த அரைவாசிக் கோட்டுக்கு ஏறக்குறைய ஆறாயிரம் வாக்கு மேலே நின்றிருப்பார். மயிரிழைதான், ஆனாலும் நின்றிருப்பார். ஆகவே மட்டக்களப்பு மட்டும் வந்திருந்தால் போதும் என்பது மிகை. யாழ்ப்பாணத்தின் 7 இலட்சம் வாக்காளரில் ஒரு பகுதி சேர்ந்திருந்தால் கணக்கு வேறு. இந்த வசனத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள் அந்தத் தாளையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

இனி 2024. இந்த முடிவைத்தான் பலரும் தப்பாக வாசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

மட்டக்களப்பு மாவட்டம்: சஜித் 139,110, ரணில் 91,132, அநுர 38,832, பாக்கியசெல்வம் அரியநேத்திரன் 36,905. வீதத்தில் 43.66, 28.61, 12.19, 11.58. ஐந்து வருடத்தில் சஜித் 99 ஆயிரத்துக்கும் மேல் இழந்திருக்கிறார். 'மட்டக்களப்பு சஜித்தைக் கைவிட்டது' என்று தலைப்புப் போட்டவர்கள் உண்டு. ஆனால் சஜித்தையும் ரணிலையும் கூட்டிப் பாருங்கள்: 230,242. 2019இல் இருவரும் ஒரே கட்சியில் நின்றபோது சஜித் எடுத்தது 238,649. ஒரு வீடு இரண்டாகப் பிரிந்தது. வீட்டுச் சொத்து ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. திகாமடுல்லவிலும் அதே போல: சஜித் 200,384, ரணில் 86,589, கூட்டினால் 286,973. 2019இல் சஜித் தனியாக எடுத்தது 259,673.

இந்தக் கூட்டலை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மேலே இருந்து பார்க்கும்போது தொகை சரியாக வந்தாலும் உள்ளே ஆட்கள் மாறியிருக்கிறார்கள். 2019இல் சிவநேசதுரை சந்திரகாந்தனின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி கோட்டாபய பக்கம். 2024இல் அதே கட்சி ரணில் பக்கம். ஆகவே கோட்டாபயவுக்கு விழுந்த 38 ஆயிரத்தில் கணிசமான பங்கு ரணிலின் சின்னமான கேஸ் சிலிண்டருக்குப் போயிருக்க வேண்டும். அதேபோல் திகாமடுல்லவில் அதாவுல்லாவின் தேசிய காங்கிரஸ் ரணிலோடு நின்றது. அக்கரைப்பற்றில் அந்தக் கட்சிக்கு வேர் உண்டு. முஸ்லிம் காங்கிரஸும் மக்கள் காங்கிரஸும் சஜித்தோடு. தமிழரசுக் கட்சியின் உத்தியோகபூர்வத் தீர்மானமும் சஜித்துக்கே. இத்தனை பெரிய கட்சிகள் ஒரு பக்கம் நின்றும் மட்டக்களப்பில் சஜித்துக்குப் பாதி வாக்கு வரவில்லை. கட்சி சொன்னால் மக்கள் போடுவார்கள் என்ற பழைய நம்பிக்கை இங்கேதான் விரிசல் விட்டது. ரணிலுக்குப் போட்ட சாதாரண ஆட்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: 2022இல் நின்ற வரிசை. மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் விடியற்காலையிலிருந்து நின்றவர்கள் அந்த வரிசை இல்லாமல் போனதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல நினைத்தார்கள். அந்தப் பதிலில் இனமும் இல்லை, கட்சியும் இல்லை.

அரியநேத்திரன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றவர் எங்கள் மாவட்டத்து முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்; படுவான்கரை மண். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அவருக்கு 116,688 வாக்கு. முதலிடம் பெற்ற சஜித்துக்கு 121,177. மயிரிழையில் இரண்டாமிடம். சொந்த மாவட்டத்தில் நான்காமிடம். 'மட்டக்களப்பான் தன் ஆளையே கைவிட்டான்' என்று வடக்கிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். மட்டக்களப்பு மாவட்டத்தில் நாலில் ஒருவர் முஸ்லிம். அவர்கள் சங்குக்குப் போட மாட்டார்கள் என்பது நின்றவருக்கும் தெரியும். அவர்களைக் கழித்துவிட்டுத் தமிழ் வாக்குகளுக்குள் மட்டும் பார்த்தாலும் ஏறக்குறைய ஆறில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் மூன்றில் ஒன்று. ஆகவே வித்தியாசம் உண்மையானது; மக்கள் தொகைக் கணக்கால் அதை மூடிவிட முடியாது.

ஏன் என்பதற்கு என் அபிப்பிராயம் இது. யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ் வேட்பாளருக்கு வாக்களிப்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவும் நடக்காது. பக்கத்து வீட்டுக்காரரும் தமிழர். இங்கே அடுத்த ஊர் முஸ்லிம் ஊர், அதற்கடுத்தது தமிழ் ஊர், எல்லைப் பக்கம் சிங்கள ஊர். வயல், மேய்ச்சல் தரை, பிரதேச செயலகம், சந்தை என்று ஒவ்வொன்றிலும் மற்றவரோடு கணக்கு வழக்கு இருக்கிறது. அரசாங்கத்தோடு பேசக்கூடிய ஆள் யார் என்ற கேள்வி இங்கே தினசரிக் கேள்வி. வாக்குச்சீட்டை அறிக்கையாகப் பாவிக்கிற வசதி எங்களுக்குக் குறைவு. இதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

அதே மாவட்டம் 54 நாள் கழித்து என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ அநுரவின் தேசிய மக்கள் சக்தி பிடித்தது. யாழ்ப்பாணமும் அதில் அடக்கம். பிடிக்க முடியாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சி 96,975 வாக்குகளோடு மூன்று ஆசனங்களை எடுத்தது. செப்டெம்பரில் 'தமிழ்த் தேசியத்தைக் கைவிட்ட' மாவட்டம் நவம்பரில் அதைக் காப்பாற்றிய மாவட்டமாகிவிட்டது. கடிந்துகொண்ட நண்பர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆட்கள் பெரிதாக மாறவில்லை. கேட்கப்பட்ட கேள்வி மாறியது. ஜனாதிபதி யார் என்று கேட்டால் ஒரு விடை, எங்கள் ஊருக்காகக் கொழும்பில் பேசுகிறவர் யார் என்று கேட்டால் வேறு விடை.

அம்பாறைக்கு வருவோம். நிருவாக மாவட்டத்துக்கு அம்பாறை என்று பெயர். தேர்தல் மாவட்டத்துக்குத் திகாமடுல்ல. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்தெடுத்த மாவட்டம் அது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 43 வீதம், சிங்களவர் 39 வீதத்துக்குக் கிட்ட, தமிழர் 17 வீதம். நான்கு தொகுதிகள்: அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில். இந்த மாவட்டத்தின் ஒட்டுமொத்த முடிவைப் போல ஏமாற்றுகிற முடிவு வேறில்லை. 2010இல் பொன்சேகா 153,105, மஹிந்த 146,912. ஆறாயிரம் வாக்கு வித்தியாசம். 'மாவட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது' என்று யாராவது எழுதினால் ஒவ்வொரு ஊரிலும் பாதிப் பாதியாகப் போட்டார்கள் என்று நினைத்துவிடுவீர்கள். நடந்தது அதுவல்ல. உள்நாட்டு அம்பாறைத் தொகுதி ஒரு பக்கம் இழுத்தது, கடற்கரையோரத்து மூன்று தொகுதிகளும் மறுபக்கம் இழுத்தன. கயிறு நடுவில் நின்றது, அவ்வளவுதான். 2024இலும் அம்பாறைத் தொகுதியில் அநுர முதலிடம், கரையோரத்து மூன்றிலும் சஜித். அநுரவின் 108,971 வாக்கும் 25.74 வீதமும் எந்த ஒரு ஊரின் உண்மையும் அல்ல; உள்நாட்டில் அதைவிட உயரம், கரையில் அதைவிடப் பள்ளம்.

திகாமடுல்ல எப்போதும் மட்டக்களப்பின் நிழல் என்றும் நினைக்க வேண்டாம். 1999இல் மட்டக்களப்பு ரணிலுக்குப் போட, திகாமடுல்ல சந்திரிகாவுக்குப் போட்டது. அப்போது முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் உயிரோடு இருந்தார், சந்திரிகாவின் அமைச்சரவையில் இருந்தார். கல்முனைப் பக்கத்தில் அவர் சொல்லுக்கு இருந்த கனம் அது. இன்றைய தலைவர்கள் எவருக்கும் அந்தக் கனம் இல்லை.

தொகுதி என்ற சொல்லைப் பாவித்துக்கொண்டே வருகிறேன். அதன் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். நாட்டில் 160 தொகுதிகள். இவை 1976 எல்லை நிர்ணயத்தில் வரைந்தவை. 1977 பொதுத் தேர்தலுக்குப் பிறகு அவற்றிலிருந்து நேரடியாக உறுப்பினர் தெரிவாகும் முறை ஒழிந்தது. எலும்புக்கூடு மட்டும் முடிவு அறிவிக்கிற அலகாக மிஞ்சியிருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு மூன்று: கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு. அவற்றில் மட்டக்களப்புத் தொகுதி 1977இல் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இடம் கிடைக்க வேண்டுமென்று அப்படி வைத்தார்கள். அவ்வாறே செல்லையா இராசதுரையும் பரீத் மீராலெப்பையும் தெரிவானார்கள். பொத்துவிலும் இரட்டைத் தொகுதி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மட்டக்களப்புத் தொகுதி முடிவையோ பொத்துவில் தொகுதி முடிவையோ ஒரு சமூகத்தின் குரலாக வாசிக்க முடியாது. கலப்பாக இருக்கட்டும் என்றே அவற்றை வரைந்தார்கள். கல்குடாவும் கலப்புத்தான்: வாகரை, வாழைச்சேனை, ஓட்டமாவடி எல்லாம் ஒரே சாக்கில். ஓரளவு ஒரே குரலாக வாசிக்கக்கூடியது உங்கள் பட்டிருப்புத் தொகுதி: களுவாஞ்சிகுடி, மண்டூர், வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை. தமிழர் மனம் எந்தப் பக்கம் என்று அறிய விரும்புகிறவர்கள் மாவட்ட முடிவை விட்டுவிட்டுப் பட்டிருப்பைப் பார்ப்பது அதனால்தான்.

தபால் மூல வாக்கு முடிவைப் பற்றி ஒரு வரி. இரவில் முதலில் வருவது அதுதான்; வந்தவுடன் பட்டாசு கொளுத்துகிறவர்களும் உண்டு. அது ஆசிரியர், எழுதுவினைஞர், பொலிஸ் போன்ற அரச ஊழியரின் வாக்கு. வயலுக்கும் கடலுக்கும் போகிறவர் அதில் இல்லை. பட்டாசைக் கொஞ்சம் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

இன்னொன்று, 2024இல் முதன்முறையாக நடந்தது: இரண்டாவது எண்ணிக்கை. யாருக்கும் 50 வீதம் கிடைக்காததால் முதலிருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மீண்டும் எடுத்து, இரண்டாம் மூன்றாம் விருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிப் பார்க்க வேண்டியிருந்த சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து சஜித்துக்குக் கிடைத்தது 167,867, அநுரவுக்கு 105,264. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு எட்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை வெறும் புள்ளடி. ரணிலுக்கோ சங்குக்கோ '1' போட்டவர் சஜித்துக்கோ அநுரவுக்கோ '2' என்று எழுதியிருந்தால் அவருடைய சீட்டு இரண்டாம் தரமும் பேசியிருக்கும். எழுத வேண்டுமென்று மேடையில் எவரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொன்னால் தங்கள் ஆள் தோற்பார் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்ற பயம். என் வீட்டிலேயே நான்கு வாக்குகள். '2' எழுதியவன் நான் ஒருவன்தான்.

கடைசியாக, உங்கள் இரண்டாவது கேள்வி. ஜனாதிபதித் தேர்தலில் உங்கள் ஊர் யாருக்கு வாக்களித்தது என்பது எங்கேயும் இல்லை. அந்தத் தேர்தலுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிடுகிற மிகச் சிறிய அலகு தொகுதி. களுதாவளைக்கென்றோ தேற்றாத்தீவுக்கென்றோ தனி முடிவு கிடையாது. 'எங்கள் ஊரில் இன்னாருக்கு இத்தனை' என்று மறுநாள் கைபேசியில் சுற்றுகிற பட்டியல்களை நம்ப வேண்டாம். மண்டபத்துக்குள் மேசையோரம் நின்ற முகவர் கண்ணால் மதித்துச் சொன்னதாகத்தான் இருக்கும்.

ஆசிரியராக இருந்த காலத்தில் வாக்கெண்ணும் கடமைக்கும் போயிருக்கிறேன். வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல அங்கே பரபரப்பு ஒன்றும் இல்லை, தேநீரும் கொட்டாவியும்தான். முதலில் பெட்டியின் முத்திரையைக் காட்டி உடைப்பார்கள். சீட்டுகளை மேசையில் கொட்டி, யாருக்கு என்று பார்க்காமல் தொகையை மட்டும் எண்ணுவோம். சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் எழுதி அனுப்பிய தொகையோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒரு தடவை எங்கள் மேசையில் ஒரு சீட்டுக் குறைந்தது. மூன்று தரம் எண்ணினோம். முகவர்கள் முகம் சுருங்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் பக்கத்தில் இருந்த டீச்சர், நன்றாக மடிந்திருந்த ஒரு சீட்டை நகத்தால் நெருடிப் பிரித்தார். உள்ளே இன்னொன்று ஒட்டிக் கிடந்தது. நீளமான சீட்டை எட்டாக மடித்தால் அப்படித்தான் ஆகும். தொகை சரியானதும் ஒவ்வொரு நிலையத்துச் சீட்டும் மற்ற நிலையங்களின் சீட்டுகளோடு கலந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேட்பாளர் வாரியாகப் பிரிப்பது.

ஆகவே உங்கள் ஊர்ப் பாடசாலையில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பது அன்று மாலையே தெரியும். நிலையத்தில் இருந்த ஏதாவது ஒரு கட்சியின் முகவரைக் கேளுங்கள், கொப்பியில் குறித்து வைத்திருப்பார். யாருக்கு என்பது அந்த மேசையில் கலந்துபோன இடத்தோடு சரி. நாற்பது ஐம்பது குடும்பங்கள் மட்டும் உள்ள எல்லைக் கிராமம் ஒன்றின் பெட்டியும் அங்கே வந்திருந்தது. அந்த ஊருக்குத் தனி முடிவு வந்தால் யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சீட்டுகளைக் கலக்கும்போது டீச்சர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் கலக்கினார்.